எந்த அலுவலகத்தில் சேர்வது? சட்ட மாணவர்களும் பொது ஆவணங்களும்

சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்குத் தேர்வைவிடப் பெரிய கவலை, யாரிடம் போய்ச் சேர்வது என்பதுதான். வக்கீல் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. எந்த சீனியர் ஜூனியரை எழுந்து பேச விடுவார், எந்த ஆபீஸில் மாதம் பிறந்ததும் பணம் கைக்கு வரும், எங்கே சேர்ந்தால் மூன்று வருஷமும் வாய்தா வாங்கியே கழியும் என்பதெல்லாம் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ அத்துப்படி. பரமக்குடியிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ வந்து, குடும்பத்தின் முதல் வக்கீலாகப் போகிற மாணவிக்கு அந்தப் பேச்சு வாய்ப்பதில்லை. விடுதியில் உலவும் வதந்தி, நிறுவனங்களின் இணையதளம், யாரோ ஒரு பேராசிரியரின் பரிந்துரை ஆகிய மூன்றை வைத்தே அவர் தன் வாழ்க்கையின் முதல் பெரிய முடிவை எடுக்கிறார்.

வீட்டுப் பேச்சில் கிடைக்கிற அந்தத் தகவலில் பெரும்பகுதி இன்று எவரும் படிக்கக்கூடிய நீதிமன்ற ஆவணங்களிலும் அரசுப் பதிவேடுகளிலும் கிடக்கிறது. அவற்றை வழக்குக்காகப் படிக்கக் கல்லூரி சொல்லித் தருகிறது. வேலை தேடுவதற்காகப் படிக்கச் சொல்லித் தருவதில்லை. வளாக நேர்காணலுக்குப் பெரிய நிறுவனங்கள் தேடி வருகிற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. அரசு சட்டக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இது நேரடி இழப்பு.

அலுவலகங்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வது ஏன் இவ்வளவு குறைவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36ஆம் விதி, வக்கீல் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. பெயர்ப் பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டும். 2008இல் செய்த திருத்தம் இணையதளத்துக்கு இடம் கொடுத்தது. ஆனால் பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, தொழில் செய்யும் துறை போன்ற சில விவரங்களை மட்டுமே போடலாம். சட்ட நிறுவனத்தின் தளத்தைத் திறந்ததும் ‘இது விளம்பரம் அல்ல’ என்று ஒரு பெட்டி வந்து நம் ஒப்புதலைக் கேட்பது இதனால்தான். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், சி. குமரப்பன் அமர்வு, இணையவழி சேவைத் தளங்கள் மூலம் வேலை பிடிக்கும் வக்கீல்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. தொழிலின் கண்ணியத்தைக் காக்கும் இந்த விதியை நான் மதிக்கிறேன். அதே விதி புதிதாக வருகிற மாணவரை இருட்டில் நிறுத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தன்னைப் பற்றிப் பேசக் கூடாத தொழிலில், அந்தத் தொழில் செய்த வேலையின் பதிவைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

வழக்காடும் அலுவலகமாக இருந்தால் முதல் பதிவு காஸ் லிஸ்ட். உயர் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றங்களும் மறுநாள் விசாரணைப் பட்டியலைத் தினமும் வெளியிடுகின்றன. இ-கோர்ட்ஸ் சேவையில் வக்கீல் பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்தால் அவர் ஆஜராகும் வழக்குகள் வரிசையாக வருகின்றன. பதிவு எண்ணின் கடைசியில் இருக்கும் ஆண்டு, அவர் எப்போது தொழிலுக்கு வந்தார் என்பதையும் சொல்லிவிடும். ஒரு மாதப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வழக்கு எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். டபிள்யூ.பி. என்றால் ரிட்; அரசு அதிகாரிகளோடும் நில ஆவணங்களோடும் பணியாளர் வழக்குகளோடும் பொழுது போகும். சி.எம்.ஏ. நிறைய இருந்தால் பெரும்பாலும் மோட்டார் விபத்து இழப்பீடு. கிரிமினல் ஓ.பி. என்றால் ஜாமீனும், எஃப்.ஐ.ஆர். ரத்து கோரும் மனுக்களும். எஸ்.ஏ. என்பது இரண்டாம் மேல்முறையீடு. கீழமை நீதிமன்றத்தின் பழைய கட்டுகளைப் பொறுமையாகப் படிக்கிறவருக்கு அது பெரிய பள்ளிக்கூடம். சி.எஸ். என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடு. வணிகத் தகராறு, வணிகச் சின்னம், பெரிய சொத்து வழக்குகள். இணையதளத்தில் ‘அனைத்துத் துறைகளிலும் அனுபவம்’ என்று எழுதியிருக்கும் அலுவலகத்தின் பட்டியலில் பத்துக்கு எட்டு சி.எம்.ஏ. என்றால், அந்த எட்டுதான் ஜூனியரின் மேசைக்கு வரும்.

அது தாழ்ந்த வேலை என்று நான் சொல்லவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் பேனல் வக்கீலிடம் சேரும் ஜூனியர் தினம் பல கோர்ட்டுகளுக்குப் போகிறார், நீதிபதி முன் நிற்கும் கூச்சம் சீக்கிரம் விலகுகிறது, கணக்குப் போட்டு வாதிடப் பழகுகிறார். ஆனால் மூன்று வருஷம் கழித்து ரிட் வழக்குக்கு மாற நினைத்தால் அங்கே அவர் மறுபடி புதியவர். இரண்டையும் தெரிந்து சேர்வது நல்லது.

காஸ் லிஸ்ட் அளவைக் காட்டும். தரத்தை அறிய உத்தரவுகளையும் தீர்ப்புகளையும் படிக்க வேண்டும். நீதிமன்றத் தளங்களில் அவை இலவசம். 2008இல் தொடங்கிய இந்தியன் கானூன் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டே தேடலாம். தீர்ப்பின் சட்ட விவாதத்துக்குப் போகும் முன், யார் யாருக்காக ஆஜரானார் என்ற வரியில் நில்லுங்கள். மனுதாரருக்காக மூத்த வக்கீல் ஒருவர், அவருக்கு ‘ஃபார்’ என்று போட்டு இன்னொரு பெயர் இருக்கும். வக்கீல் சட்டம் 1961இன் கீழ் மூத்த வக்கீலாக அறிவிக்கப்பட்டவர் வக்காலத்து தாக்கல் செய்ய முடியாது. இன்னொரு வக்கீல் கூட இருந்தாக வேண்டும். கட்டைத் தயாரித்துத் தருவது அந்த இரண்டாவது பெயர். ஆகவே ஒரு மாணவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: எனக்கு வாதம் கேட்டுப் பழக வேண்டுமா, வழக்கை அடியிலிருந்து கட்டப் பழக வேண்டுமா? மூத்த வக்கீலின் சேம்பரில் முன்னது நிறையக் கிடைக்கும். கட்சிக்காரர் முதன்முதலாக வந்து அழுதுகொண்டே சொல்லும் கதையைக் கேட்டு, அதிலிருந்து ஒரு பிளெயின்ட் எழுதுவது அந்த இரண்டாவது பெயருக்கு உரியவரிடம்தான் கிடைக்கும். என் கருத்தில் முதல் இரண்டு வருஷத்துக்குப் பின்னதே நல்லது. பெரிய பெயர் மீதுள்ள ஆசையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உத்தரவுகளில் ஜூனியர்களின் பெயர் வருகிறதா என்றும் பாருங்கள். நாலைந்து வருஷ அனுபவம் உள்ளவர்களின் பெயர் தனியாக வந்தால் அந்த அலுவலகம் வாதாட விடுகிறது என்று கொள்ளலாம். வராவிட்டால் உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. வக்காலத்தில் இருக்கும் பெயரையே உத்தரவில் எழுதுவது வழக்கம். உண்மையில் எழுந்து பேசியது ஜூனியராக இருக்கலாம். இதைத் தெளிவுபடுத்த ஒரே வழி, விசாரணை நாளில் கோர்ட் ஹாலின் பின்வரிசையில் போய் உட்காருவது. நீதிமன்றம் எல்லோருக்கும் திறந்த இடம். கேள்வி வரும்போது சீனியர் பின்னால் திரும்பி ஜூனியரிடம் ஆவணம் வாங்குகிறாரா, கடிந்துகொள்கிறாரா, ‘நீயே சொல்லு’ என்று விலகி நிற்கிறாரா என்பதை ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம்.

சென்னையை விட்டு வெளியே இந்தத் தேடல் இன்னும் எளிது, பயனும் அதிகம். கோவையிலோ திருநெல்வேலியிலோ பெரிய நிறுவனங்கள் இல்லை. ஒரு சீனியர், நாலைந்து ஜூனியர், ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான் அலுவலகம். இணையதளமே இருக்காது. ஆனால் இ-கோர்ட்ஸில் அவர்களது வழக்குகளில் பெரும்பாலானவை இருக்கும். விசாரணை எந்த நிலையில் நிற்கிறது, சாட்சி விசாரணை நடக்கிறதா, வாய்தாவிலேயே ஓடுகிறதா என்று தேதிவாரியாகத் தெரியும். குறுக்கு விசாரணை கற்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவருக்கு மாவட்ட நீதிமன்றமே சரியான இடம். 2004இல் மதுரைக் கிளை வந்த பிறகு தென் மாவட்டத்து இளைஞர்கள் உயர் நீதிமன்றத் தொழிலுக்காகச் சென்னைக்கு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களுக்கு இந்த முறை பாதிதான் பொருந்தும். அவர்களது வேலையில் பெரும்பகுதி ஒப்பந்த அறையில் நடக்கிறது. காஸ் லிஸ்ட்டில் ஏறாது. அதற்கும் சுவடு உண்டு. ஒரு நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரும்போது செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணத்தில் சட்ட ஆலோசகர்கள் யார் என்று போட்டே ஆக வேண்டும். செபி தளத்தில் எவரும் படிக்கலாம். திவால் சட்டம் 2016இல் வந்த பிறகு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் குவியும் உத்தரவுகள், வங்கிகளுக்காக யார் வருகிறார், கடன்பட்ட நிறுவனத்துக்காக யார் வருகிறார் என்பதைக் காட்டுகின்றன. வரித் துறையில் ஆசை உள்ளவர்கள் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும்: அங்கே ஆஜராகிறவர்களில் பலர் பட்டயக் கணக்காளர்கள். வக்கீல் பட்டத்தோடு மட்டும் அந்தத் துறைக்குப் போகிறவர் கணக்குப் பதிவியலும் படிக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆலோசகரும் சொல்ல மாட்டார்.

நிறுவனத்தின் உள்கட்டமைப்பையும் பார்க்கலாம். எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) வடிவில் இருக்கும் சட்ட நிறுவனங்களின் தொடங்கிய தேதியும் முக்கியப் பங்குதாரர்களின் பெயர்களும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் உள்ளன. 2008ஆம் ஆண்டு எல்.எல்.பி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, கட்டணம் கட்டினால் ஆண்டு அறிக்கையையும் கணக்கு அறிக்கையையும்கூட எவரும் பார்வையிடலாம். பழைய முறைக் கூட்டு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால், 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் அந்தப் பதிவேட்டைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கிறது. முகப்பில் பத்துப் பங்குதாரர் பெயர் இருந்தும் பதிவேட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் மட்டும் இருந்தால், பத்து வருஷம் கழித்துப் பங்குதாரர் ஆகலாம் என்ற நம்பிக்கையைச் சற்று அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயரின் பழமையைக் கண்டும் மயங்க வேண்டாம். நாட்டின் மிகப் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றாக இருந்த அமர்சந்த் மங்கள்தாஸ் 2015இல் சகோதரர்களிடையே இரண்டாகப் பிரிந்தது. சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், ஷார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ் என்று ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு தனி நிறுவனங்கள் இன்று இருக்கின்றன. விண்ணப்பக் கடிதத்தில் ஒன்றின் சாதனையை மற்றதன் பெயரில் எழுதுவது எளிதில் நேரும் பிழை. படிக்கிறவர் அதை மறக்கவும் மாட்டார். பிரிவு என்றில்லாமல், ஒரு துறையின் பங்குதாரர் தன் அணியோடு வேறு நிறுவனத்துக்கு மாறுவதும் அடிக்கடி நடக்கிறது. பார் அண்ட் பெஞ்ச், லைவ்லா போன்ற சட்டச் செய்தித் தளங்களில் இந்த மாற்றங்கள் வரும். போன வருஷத்துப் புகழை நம்பிச் சேர்ந்தால், அந்தப் புகழைச் சம்பாதித்தவர் அங்கே இல்லாமல் போகலாம்.

வெளிநாட்டு நிறுவனக் கனவுக்கு ஒரு சொல். ஏ.கே. பாலாஜி தொடுத்த வழக்கில் 2012இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே வக்கீல் தொழில் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டன. 2023 மார்ச்சில் பார் கவுன்சில் அறிவித்த விதிகள், நீதிமன்றம் சாராத வேலைகளுக்குப் பரஸ்பர அடிப்படையில் வழி திறந்தன. அப்படிப்பட்ட ஒரு பெயருக்கு விண்ணப்பிக்கிறவர், அந்த நிறுவனம் இங்கே என்ன செய்ய அனுமதி பெற்றிருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

சேம்பர்ஸ், லீகல் 500 போன்ற தரவரிசைகளை மாணவர்கள் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். நிறுவனமே தன் வேலைகளைத் தொகுத்து அனுப்ப, அது தரும் கட்சிக்காரர்களிடம் விசாரித்து அந்தப் பட்டியல்கள் உருவாகின்றன. தொகுத்து அனுப்ப ஆள் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு அது சாதகம். ஒப்பந்த மதிப்பை வைத்துப் போடும் வரிசையில் ஒரே ஒப்பந்தம் அதில் ஆலோசனை சொன்ன எல்லா நிறுவனங்களின் கணக்கிலும் ஏறும். கட்சிக்காரர் பார்வையில் இவற்றுக்குப் பயன் உண்டு. முதல் வருஷ அசோசியேட் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்பது இவற்றில் இருக்காது.

அதை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும். தற்போது அங்கே வேலை செய்கிறவர் மனம் திறந்து பேச முடியாது. அவரைச் சங்கடப்படுத்தவும் கூடாது. விலகியவர்களைத் தேடுங்கள். லிங்க்டின் பக்கங்களில் அந்த அலுவலகத்தில் முன்பு இருந்தவர்களைப் பார்த்தால், எத்தனை மாதத்தில் வெளியேறினார்கள், எங்கே போனார்கள் என்று தெரியும். மூன்று வருஷம் இருந்து தனியாகத் தொழில் தொடங்கியவர்கள் பலர் இருந்தால் அந்த சீனியர் ஆள் வளர்க்கிறார். எட்டு மாதத்திலேயே கூட்டமாகக் கிளம்பியிருந்தால் காரணம் ஏதோ இருக்கிறது. உங்கள் கல்லூரியில் படித்த அக்கா ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தால் பேசுங்கள். ‘ஏன் விலகினீங்க அக்கா?’ என்று தொடங்கினால் பதில் சுருங்கிவிடும். ‘முதல் வருஷம் என்ன வேலை கொடுத்தாங்க? முதல்ல எப்போ எழுந்து பேசினீங்க? நீங்க எழுதின டிராஃப்ட்டைத் திருத்தித் தருவாங்களா?’ என்று கேட்டால் விலகிய காரணம் தானாக வந்துவிடும். இந்த மூன்றாவது கேள்வியை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். சிவப்பு மையில் திருத்தித் தரும் சீனியரிடம் குறைந்த பணத்துக்கு இரண்டு வருஷம் இருக்கலாம். படித்துப் பாராமல் கையெழுத்துப் போடுகிறவரிடம் நல்ல பணத்துக்கும் இருக்கக் கூடாது.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதே சுப்ரமணியம், குமரப்பன் அமர்வு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் வழங்க வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில், நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று பரிந்துரைத்தது, கட்டாயமாக்கவில்லை. ஆகவே அலுவலகத்துக்கு அலுவலகம் நிலைமை வேறாகவே இருக்கும். வெளியூரிலிருந்து வந்து வாடகை கொடுத்துத் தங்குகிற பிள்ளைக்கு இதுதான் தொழிலில் நீடிப்பதா விலகுவதா என்பதையே முடிவு செய்கிறது. நேர்காணலில் நேராகக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு இப்போது ஓர் உயர் நீதிமன்ற உத்தரவின் பலம் இருக்கிறது. நிறுவனங்களிலும் பலவற்றில் நீங்கள் சட்டப்படி ஊழியர் அல்ல. தொழில் செய்யும் வக்கீல் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. அதனால் ‘ரிடெய்னர்’ என்ற பெயரில் தொழில்முறைக் கட்டணமாகத் தருகிறார்கள்; வருங்கால வைப்பு நிதி பெரும்பாலும் இருக்காது. விடுப்பு, மருத்துவக் காப்பீடு, விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு.

பெண்கள் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது வருத்தமான உண்மை. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சியாளரும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார். குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்லும் நிறுவனம் ஒரு வகை, முகம் சுளிக்கும் நிறுவனம் இன்னொரு வகை. பத்துப் பேருக்குக் குறைவான சேம்பர்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. அங்கே அதைவிடப் பயன்படுவது, முன்பு அங்கிருந்த பெண் ஜூனியர்களின் அனுபவம். பெண்களே ஒருபோதும் இருந்ததில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்.

இத்தனை தேடலுக்கும் மேலானது உள்ளே போய்ப் பார்ப்பது. 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் கேட்கின்றன. விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். பலர் இதைச் சான்றிதழ் வாங்கும் சடங்காக முடித்துவிடுகிறார்கள். பெரிய வீணடிப்பு அது. நாலு வாரம் ஓர் அலுவலகத்தில் உட்காருகிறவர் குமாஸ்தாவிடம் பழக வேண்டும். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் முப்பது வருஷம் கட்டுத் தூக்கிய குமாஸ்தாக்களுக்கு எந்த ஆபீஸ் எப்படி என்று தெரிவதுபோல் நீதிபதிகளுக்கும் தெரியாது. ஆபீஸில் தேதி தவறிப்போனால் என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். பழி யார் தலையில் விழுகிறது என்பதில் அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும்.

நீதிபதி ஆக விரும்புகிறவர்களுக்குத் தேடல் இன்னும் அவசரமானது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்றது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்து அது கணக்காகும். அனுபவத்துக்குப் பத்தாண்டு தொழில் செய்த வக்கீலின் சான்று, நீதித்துறை அதிகாரியின் மேலொப்பத்தோடு ஏற்கப்படும் என்றும் சொன்னது. ஒப்பந்த வேலை மட்டுமே பார்க்கும் நிறுவனத்தில் சேருகிறவர், நீதிமன்ற அனுபவத்தை எப்படிக் காட்டப்போகிறோம் என்று சேரும் முன்பே கேட்டுத் தெளிய வேண்டும்.

தேடிச் சேர்த்ததை விண்ணப்பத்தில் கொட்டிவிடக் கூடாது. ஒன்று போதும். ‘உங்கள் அலுவலகம் நடத்திய இன்ன இரண்டாம் மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் படித்தேன்; உயிலை மெய்ப்பிக்கும் கேள்வியை அதில் அணுகிய விதம் எனக்குப் புதிதாக இருந்தது’ என்று எழுதுகிறவரின் கடிதத்தை எந்த சீனியரும் ஒதுக்கி வைக்க மாட்டார், அந்த வரி உண்மையாக இருக்கும் பட்சத்தில். நேர்காணல் முடியும்போது ‘ஏதாவது கேட்கணுமா?’ என்பார்கள். ‘சார், புதுசா சேர்றவங்க முதல் ஆறு மாசம் எந்தக் கோர்ட்டுக்குப் போவாங்க, யார் சொல்லித் தருவாங்க?’ என்று கேளுங்கள். ஒரு பெயரும் ஒரு கோர்ட்டும் பதிலாக வந்தால் அங்கே சேரலாம். ‘எல்லாம் போகப் போகத் தெரியும்’ என்று வந்தால், பட்டியலில் அடுத்த அலுவலகத்தின் உத்தரவுகளை எடுத்துப் படிக்கத் தொடங்குங்கள்.